தானாக நின்ற கார்

மாசி மாத அறுவடைக் காலத்தில், கல்முனையிலிருந்து சவளக்கடைக்குப் போகும் வீதியில் பாதி நெல்லுக்கு, பாதி வாகனங்களுக்கு. வயலிலிருந்து வரும் ஈர நெல்லைக் காயவைக்க அந்தத் தார் வீதியை விட நல்ல களம் அங்கே யாரிடமும் இல்லை. வாகனம் ஓட்டுகிறவர்களும் முகம் சுளிக்காமல் மற்றப் பாதியில் ஒதுங்கிப் போவார்கள். தங்கள் வீட்டுச் சோறும் அந்த நெல்லில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வீதியில், ஒரு புதன்கிழமை காலையில், ஹுஸ்னியாவின் கார் தானாக நின்றது.

ஹுஸ்னியா சவளக்கடைப் பக்கத்துக் குடும்பநல மருத்துவிச்சி. தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, எல்லாருக்கும் அவள் மிஸ்ஸிதான். பதினாறு வருடங்கள் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்வந்தவளுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, பசாரில் பிடவைக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஜவாத், ஜப்பானில் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். கெட்டிக்காரக் கார். வேகத்தை வைத்து ஒரு பொத்தானை அமத்திவிட்டால் கால் வைக்காமலே அந்த வேகத்தில் ஓடும். முன்னால் போகிற வாகனம் மெதுவானால் தானும் மெதுவாகும். மனிதரோ மாடோ முன்னால் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கமரா அதைக் கண்டு, தானே பிரேக் பிடிக்கும். அதற்கு முன் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ எச்சரிக்கும். அந்தக் குரலுக்கு மகள் அப்னா ‘ஜப்பான் மாமி’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்றும் முழங்கால் வலித்தது. ஹுஸ்னியா நாற்பதில் வேகத்தை வைத்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டாள். முன்னால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அது வலப்பக்கமாக ஒதுங்கி நெல்லைச் சுற்றிக்கொண்டு போனதும் நெல் விரிப்பு கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் ஹெல்மட் போட்ட ஒருவர் நின்றார். போக இடம் தாராளமாக இருந்தது. அவளும் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கினாள். அதற்குள் ஜப்பான் மாமி சத்தம் போட்டது. யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல கார் சடாரென்று நின்றது.

அடுத்த கணம் பின்னால் ‘படார்’ என்று ஒரு சத்தம்.

மோட்டார் சைக்கிள் பின் பம்பரில் மோதிச் சாய்ந்திருந்தது. இளைஞன் ஒருவன் நெல்லின் மேல் விழுந்து கிடந்தான். ஹுஸ்னியா ஓடிப்போய்த் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கண்களைப் பார்த்தாள். மூச்சு ஒழுங்காக இருந்தது. நெல் மெத்தைபோல் தாங்கியிருந்தது. இடது மணிக்கட்டு மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது.

“மிஸ்ஸி, நான் சுஜிந்தன். சுஜித்தாட தம்பி,” என்றான் அவன், வலியிலும் மரியாதை விடாமல்.

சுஜித்தா அவளுடைய கிளினிக்குக்கு வருகிறவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

வயலுக்குள்ளிருந்து நெல்லின் சொந்தக்காரர் செல்லத்தம்பி ஓடிவந்தார். அறுபது வயது மனிதர். வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். சுஜிந்தனைக் காரில் ஏற்றும்போது ஹுஸ்னியா சுற்றிலும் பார்த்தாள்.

“இவடத்த ஒராள் நிண்டாரே, ஹெல்மட் போட்டுக்கிட்டு. அவரெங்க?”

செல்லத்தம்பி நெல்லைப் பார்த்தபடி சொன்னார். “ஆரும் நிக்கல்லையே மிஸ்ஸி.”

பதற்றத்தில் ஏதோ கண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அவள் காரை ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

மணிக்கட்டில் சிறு வெடிப்பு மட்டும்தான், மூன்று நான்கு கிழமையில் சரியாகிவிடும் என்றார் டொக்டர். ஹுஸ்னியா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். ஆனால் பொலிசார் வந்தபோது காரியம் வேறு மாதிரி ஆனது. பின்னால் வந்து மோதியவன் பக்கம்தான் பிழை என்பது அவர்கள் வழக்கம். “என்ட பிழைதான் சேர். இடம் விட்டு வந்திரிக்கணும்,” என்று சுஜிந்தனும் சொல்லிவிட்டான். அடுத்த கிழமை நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகுதான் அவன் முகம் வாடியது.

“என்ன மகன்?”

“ஒண்டுமில்ல மிஸ்ஸி. கொரியாவுக்கு வேலைக்குப் போக இரிந்தன். சித்திரையில பயணம். வழக்கு எண்டு வந்தா பொலிஸ் சான்றிதழ் கிடைக்காதாம். அவங்க காத்துக்கொண்டு நிக்க மாட்டாங்க. அடுத்த ஆள எடுத்திருவாங்க.”

இரண்டு வருடங்கள் கொரிய மொழி படித்துச் சோதனை பாஸ் பண்ணியவன் அவன்.

இரவுச் சாப்பாட்டின்போது ஹுஸ்னியா நடந்ததைச் சொன்னாள். ஜவாத் கவனமாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பொலிஸ், கோடு கச்சேரி என்றால் அவருக்குப் பயம்.

“கார் தானா நிண்டிச்சி எண்டு நீ போய்ச் சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? காரக் கொண்டா எண்டுவான். ஒன்னையும் கோட்டுல ஏத்துவான். ஆஸ்பத்திரிக்கு நீதானே கொண்டுபோன? அதுக்கு மேல என்ன புள்ள செய்யிற?”

“அந்தப் பொடியன் ஒரு பிழையும் செய்யல்லயே.”

“பின்னால வந்தவன் அவன்தானே. சட்டம் சொல்லுது. நாமளா சொல்லுறம்?”

ஹுஸ்னியா எழுந்து கோப்பைகளை அடுக்கினாள். சட்டம் சொல்வதற்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்ளலாம் என்பது அவளுக்கும் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கிளினிக்கில் சுஜித்தா கடைசி ஆளாக நின்றாள். கையில் ஒரு பை. அதில் வெண்டிக்காயும் கத்தரிக்காயும், அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் காய்கள்.

“மிஸ்ஸி, தம்பி உங்கட புதுக் கார உடைச்சுப்போட்டான் எண்டு அம்மா ராவெல்லாம் அழுதவ. நீங்க அவனக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விட்டு, கூடவே இரிந்தீங்களாம். வேற ஆள் எண்டா ஏசிப்போட்டுப் போயிரிப்பாங்க. கோவிச்சுக் கொள்ளாதீங்க மிஸ்ஸி.”

ஹுஸ்னியா பையை வாங்கினாள். வாங்காமல் விட்டால் அந்தப் பிள்ளையின் மனம் நோகும். ஆனால் கையில் வாங்கிய பிறகு அந்தக் காய்களின் பாரம் தாங்க முடியாததாக இருந்தது. தான் மன்னிப்புக் கேட்க வேண்டிய வீட்டிலிருந்து தனக்கு மன்னிப்பும் நன்றியும் வந்திருந்தன. ஒரு மனிதன் நன்றி சொல்லும்போது அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சமாவது தகுதி வேண்டும் என்று அவள் நினைத்தாள். அன்று நண்பகலில் லுஹர் தொழுது முடித்ததும், முசல்லாவை மடித்து வைத்துவிட்டு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள்.

போக்குவரத்துப் பிரிவில் சார்ஜன் நேசராசா இருந்தார். கல்முனைக்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவருடைய இரண்டாவது பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவள் ஹுஸ்னியாதான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்தார்.

“மிஸ்ஸி, இருபத்தொரு வருசமா இந்த உடுப்புப் போடுறன். பிழை என்னில இல்ல எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களத்தான் கண்டிரிக்கன். பிழை என்ட எண்டு சொல்லிக்கொண்டு வந்த மொத ஆள் நீங்கதான்.”

“பிழை என்ட எண்டு சொல்லல்ல சேர். அந்தப் பொடியன்ட இல்ல எண்டு சொல்லுறன்.”

“பின்னால வாறவன் இடைவெளி விடணும்தானே?”

“முன்னால ஒண்டும் இல்லாம நல்லாப் போற கார், நடு றோட்டுல தானா நிக்கும் எண்டு ஆரு சேர் நினைப்பாங்க?”

நேசராசா சிரித்தார். “கார் தானா பிரேக் பிடிச்சிச்சி எண்டு நான் எழுதிக் குடுத்தா, பெரியவர் என்னத்தான் டொக்டரிட்ட அனுப்புவார். சரி, ஒண்டு செய்வம். சனிக்கிழம காலையில அதே இடத்துக்குக் காரக் கொண்டாங்க. நானும் ஏறி இரிக்கிறன். அது எனக்கு முன்னால அப்பிடி நிண்டிச்சி எண்டா, நான் எழுதுறன். நிக்கல்ல எண்டா என்ன குத்தம் சொல்லக்கூடாது.”

சனிக்கிழமை காலையில் ஜவாத் கூப்பிடாமலே வந்து காரில் ஏறினார். கையில் கடையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முழச் சிவப்புத் துணி.

“அது என்னத்துக்கு?”

“பின்னால வாற வாகனத்த நிப்பாட்டத்தான். பொறகு இன்னொருத்தன் வந்து இடிச்சா அவனுக்காகவும் நீ பொலிசுக்குப் போவா.”

அவர் சம்மதித்துவிட்டார் என்பதை அதைவிடத் தெளிவாக அவரால் சொல்ல முடியாது. ஹுஸ்னியா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அதே இடம். அதே நெல். செல்லத்தம்பி காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டு நின்றார். மாக்கட்டுப் போட்ட கையுடன் சுஜிந்தனை ஒரு நண்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். ஜவாத் சிவப்புத் துணியுடன் ஒரு முனையிலும், சுஜிந்தன் மறு முனையிலும் நின்று வாகனங்களை மறித்தார்கள். நேசராசா முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஹுஸ்னியா பிஸ்மி சொல்லி, நாற்பதில் வைத்து, காலை எடுத்தாள். கார் நெல்லை ஒட்டி அமைதியாகப் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வந்து இரண்டாம் முறை போனாள். நெல்லுக்கு இன்னும் கிட்டவாக விட்டாள். கார் தயங்காமல் ஓடியது. மூன்றாம் முறையும் அப்படித்தான். ஜப்பான் மாமி வாயே திறக்கவில்லை.

நேசராசா இறங்கித் தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவருக்கே வருத்தமாக இருந்தது. “நல்ல வடிவா ஓடுது மிஸ்ஸி. நான் என்னத்த எழுதுற?”

ஹுஸ்னியா பொய் சொன்னவள்போல நடு வீதியில் நின்றாள். சுஜிந்தன் நடந்து வந்தான்.

“பரவாயில்ல மிஸ்ஸி. எனக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களே. சேர், நான் கோட்டுக்கு வாறன். மிஸ்ஸியக் கரைச்சல் படுத்த வேணாம்.”

ஜவாத் அந்தப் பையனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார். மடிக்கிறவர் பாதியில் நிறுத்தி, “இன்னொருக்கா ஓடிப் பாப்பமே சேர்,” என்றார்.

அப்போது செல்லத்தம்பி நெல்லிலிருந்து இறங்கி, வரம்பில் நடந்து, தன் வயல் குடிசையான வாடிக்குள் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு மனிதரைச் சுமந்துவந்தார். நீலச் சட்டை, கறுப்புக் களிசான், தலையில் உடைந்த ஹெல்மட். கிட்ட வந்த பிறகுதான் அது வைக்கோல் அடைத்த வெருளிப் பொம்மை என்பது தெரிந்தது. நெல் விரிப்பின் ஓரத்தில், வீதிப் பக்கமாக, ஒரு தகரப் பேணிக்குள் அதன் கம்பை நட்டு நிறுத்தினார்.

“சேர், அண்டைக்கு இவரும் இவடத்த நிண்டவர்,” என்றார்.

யாரும் கேட்பதற்கு முன் அவரே தொடர்ந்தார்.

“போன கிழம ரெண்டு லொறி நெல்லுக்கு மேலால ஏறிப் போயிட்டு சேர். கல்லு வச்சாலும் பாக்கிறாங்க இல்ல. ஆள் நிண்டா ஒதுங்கிப் போவாங்கதானே. அதுக்காகச் செஞ்சன். வெட்டுக்கு வந்த பொடியன்மார் இவருக்குப் போடியார் எண்டு பேரும் வச்சவங்க. வேல ஒண்டும் செய்யாம வயல் முதலாளி மாதிரி நிண்டு பாக்கிறவர்தானே எண்டு.”

நேசராசாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“விபத்து நடந்த உடன நீங்க ஒளிச்சீங்களா?”

“ஓம் சேர். மிஸ்ஸி பொடியன்ட தலையப் பாக்கக்குள்ள தூக்கி வயலுக்க போட்டன். மறுகா ஓடி வந்தன். மிஸ்ஸி கேட்டவ, ஆரும் நிண்டதா எண்டு. ஆள் நிக்கல்லதானே, பொய் இல்லையே எண்டு மனசுக்குச் சொல்லிக்கொண்டன்.” அவர் குரல் தாழ்ந்தது. “றோட்டுல நெல்லுக் காயப்போடவே கூடாது எண்டு சொல்லிருவாங்க எண்டு பயம். எனக்கு மட்டும் இல்ல, இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் இதுதான் களம். ஆனா மூணு நாளாச் சோறு இறங்கல்ல. இப்ப இந்தப் பொடியன் மிஸ்ஸிக்கு நன்றி சொல்லக்குள்ள என்னால நிக்க ஏலாமப் போயிட்டு.”

நேசராசா காரில் ஏறினார். ஜவாத் துணியை விரித்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினார்.

நான்காம் முறை. நாற்பதில் கார் போனது. ஹெல்மட் போட்ட உருவம் கிட்ட வந்தது. ஹுஸ்னியா ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் ஜப்பான் மாமி அலறியது. கார் சடாரென்று நின்றது. நேசராசாவின் தொப்பி மடியிலிருந்து பறந்து முன் கண்ணாடியில் அடித்து விழுந்தது.

அவர் வெருளியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“போடியாருக்குக் காரும் மரியாத குடுக்குது,” என்றார்.

ஹுஸ்னியாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்களில் நீர் வந்தது. இந்தக் கார் மனிதன் என்று எண்ணிய ஒன்றுக்காக நின்றது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? உண்மையான மனிதன் நின்றிருந்தாலும் அப்படித்தானே நின்றிருக்கும். வைக்கோலையும் மனிதனையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. அது அவளுடைய வேலை. அந்த வேலையை அவள் முழுவதும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுக் கால் வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

நேசராசா இறங்கி எல்லாரையும் கூப்பிட்டார்.

“றோட்டுல மனிசன மாதிரி ஒண்ட நட்டு வச்சது ஐயாட பிழை. கார நம்பிக் கால எடுத்தது மிஸ்ஸிட பிழை. கிட்டக் கிட்ட வந்தது தம்பிட பிழை. அதுவும் பிழைதான். ஆனா ஒருத்தரும் வேணுமெண்டு செய்யல்ல. மூணு பேரும் சமாதானமாப் போறயெண்டா நான் வழக்குப் போடாம முடிக்கலாம். சம்மதமா?”

மூவரும் ஒரே நேரத்தில் “ஓம் சேர்” என்றார்கள். அதில் சுஜிந்தனின் குரல்தான் உடைந்திருந்தது.

அந்த நேரத்தில் கிட்டங்கி ஆற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. செல்லத்தம்பி அண்ணாந்து பார்த்தார். வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து இவர்களுக்காக நின்றவர், நெல்லை அள்ள மறந்துவிட்டிருந்தார். இப்போது மழை பட்டால் அந்த நெல் முளைத்துவிடும்.

“சாக்கு எங்க இரிக்கி?” என்று முதலில் கேட்டது ஜவாத்.

பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சாக்குகள் வாடியிலிருந்து வந்தன. செல்லத்தம்பி பலகையால் நெல்லைக் கூட்டிக் குவித்தார். ஜவாத் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சுளகால் அள்ளினார். ஹுஸ்னியா காரிலிருந்த பிளாஸ்டிக் பேசினை எடுத்து வந்தாள். வாரத்தில் மூன்று நாள் குழந்தைகளைக் குளிப்பாட்டிக் காட்டும் பேசின் அது. சுஜிந்தன் மாக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சாக்கின் வாயைப் பிடித்தான். சார்ஜன் நேசராசா கொஞ்ச நேரம் தொப்பியோடு நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் காருக்குள் போட்டுவிட்டு வந்து சாக்குகளுக்கு வாய் கட்டினார்.

“சேர் நல்லாக் கட்டுறீங்க,” என்றான் சுஜிந்தன்.

“என்ட அப்பனும் வயல்காரன்தான் தம்பி. கொரியாவில நெல்லு இரிக்கா?”

“இரிக்காம் சேர்.”

“அப்ப பயமில்ல.”

கடைசிச் சாக்கை வாடிக்குள் தள்ளும்போது பெரிய துளிகள் விழத் தொடங்கின. எல்லாரும் காருக்குள் ஏறினார்கள். செல்லத்தம்பி மட்டும் வெளியே நின்று, “சீற்றெல்லாம் ஈரமாப் போகும் மிஸ்ஸி,” என்றார்.

“ஏறுங்க ஐயா. காஞ்சிரும்,” என்று கதவைத் திறந்து பிடித்தாள் ஹுஸ்னியா.

மழை கூரையில் இரைந்தது. நேசராசா தொடையில் கொப்பியை வைத்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். வீதியோரத்தில் இருந்த ஒரு பொருளை மனிதர் எனக் கருதிக் கார் தானாக நின்றதால் விபத்து நேர்ந்தது என்றும், எவர் மீதும் எவருக்கும் முறைப்பாடு இல்லை என்றும் அதில் இருந்தது.

“பொருள வச்சது நான்தான் எண்டும் எழுதுங்க சேர்,” என்றார் பின் சீட்டிலிருந்து செல்லத்தம்பி.

“எழுதினா உங்களயும் கூப்பிடுவாங்க.”

“கூப்பிடட்டும். வாறன்.”

நேசராசா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “இனி அப்பிடி வைக்க மாட்டீங்கதானே? கல்லும் தடியும் போதும், வீதியில பாதிக்கு மேல வரவும் கூடாது. நீங்க வச்சது நமக்குள்ள இரிக்கட்டும்.” பேனையை சுஜிந்தனிடம் நீட்டினார். “தம்பி, இவடத்த.”

சுஜிந்தன் ஈரக் கையைக் களிசானில் துடைத்துவிட்டு, முழங்காலில் கொப்பியை வைத்து, பெயரை முழுவதுமாக எழுதிக் கையெழுத்திட்டான். நெல் தூசி ஒட்டிய விரல் பதிந்து தாளின் ஓரம் கொஞ்சம் அழுக்காயிற்று.

ஹுஸ்னியா வழக்கமாகத் தொழுகைக்குப் பின் கேட்கும் துஆவில் வீட்டாரின் பெயர்களைத்தான் சொல்வாள். அன்று வீடு வந்து லுஹர் தொழுததும் சுஜிந்தனுக்கும் அவன் பயணத்துக்கும், நேசராசாவுக்கும், பயந்திருந்தும் வாடிக்குள் போய்த் திரும்பி வந்த செல்லத்தம்பிக்கும் கேட்டாள். கேட்டு முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கடையில் சனம் காத்திருக்க, ஜவாத் அவசரப்படுத்தாமல் சோற்றுக் கோப்பைகளைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.